சாயும் தட்டில் ஓர் ஏரி

பின்லாந்தின் தென்கிழக்கில், மிக்கேலி நகருக்குத் தெற்கே அஸ்துவன்சல்மி என்றொரு ஒடுங்கிய நீர்வழி இருக்கிறது. அதன் ஓரமாகச் செங்குத்தாக எழும் பாறைச் சுவரில், செங்காவியால் தீட்டிய உருவங்கள் அறுபதுக்கும் மேல் தெரிகின்றன. மூஸ் மான்கள், படகுகள், கைகளைத் தூக்கி நிற்கும் மனிதர்கள், உள்ளங்கைப் பதிவுகள். வில்லேந்திய பெண் ஒருத்தியும் உண்டு. வரைந்து 5,000 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆய்வாளர்களின் கண்ணில் பட்டதோ 1968-ல்தான்.

படகில் வந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் தோன்றும் கேள்வி: இவ்வளவு உயரத்தில் எப்படி வரைந்தார்கள்? ஓவியங்கள் இன்றைய நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8 மீட்டரில் தொடங்கி, 12 மீட்டரை நெருங்கும் உயரம் வரை இருக்கின்றன. விடை எளிது. வரைந்தவர்கள் ஏறவே இல்லை. கோடையில் படகிலோ, குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலோ நின்று, கைக்கெட்டிய இடத்தில் தீட்டினார்கள். ஏரி அன்று அங்கே இருந்தது. பிறகு அது இறங்கிவிட்டது. ஆகவே மேலே இருக்கும் ஓவியங்கள் மூத்தவை, கீழே இருப்பவை இளையவை என்று பொதுவாகக் கொள்ளலாம். தொல்லியலாளர்கள் இந்தப் பாறைக்கு வயது கணிப்பதற்கு ஏரி இறங்கிய வரலாறே துணை நிற்கிறது.

சைமா ஏரிநாட்டைப் பற்றி எழுத எனக்கு இந்தப் பாறையை விட நல்ல வாசல் தெரியவில்லை. அங்குள்ள ஊர்கள், காடு, மீன், சீல் எல்லாமே ஒரு கேள்வியில் வந்து முடிகின்றன: தண்ணீர் அன்று எந்த உயரத்தில் நின்றது, ஏன் அங்கே நிற்காமல் போனது?

பின்லாந்தில் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளை எண்ணினால் 1,87,888 வருகிறது. அவற்றில் பெரியது சைமா. பரப்பு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். ஆனால் அதை ‘ஒரு ஏரி’ என்று வரைபடத்தில் சுட்டிக்காட்டுவது கடினம். கிழிந்த சரிகைத் துணிபோல, விரிகுடாக்களும் நீரிணைகளும் தீவுகளும் பின்னிக் கிடக்கும் நீர்ப்பரப்பு அது. தீவுகள் மட்டும் 13,000-க்கு மேல். கரையின் நீளம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். இதே பரப்புள்ள ஏரி ஒன்று சரியான வட்டமாக இருந்தால் அதற்குக் கரை 235 கிலோமீட்டர் போதும். அப்படியானால் சைமாவின் கரை அறுபது மடங்கு சுருங்கி மடிந்து கிடக்கிறது. சராசரி ஆழமோ குறைவுதான். பரந்தது, ஆழமற்றது, கந்தலான ஓரமுடையது. இந்த மூன்றும் பனியின் கைவேலை.

கடைசிப் பனியுகத்தில் இந்நிலத்தின் மேல் இரண்டு மூன்று கிலோமீட்டர் தடிமனுக்குப் பனிக்கட்டி கிடந்தது. அது சும்மா கிடக்கவில்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நகர்ந்தது. அடியில் பிடித்துக்கொண்ட கற்களையும் மணலையும் கொண்டு பாறையை உப்புத்தாள்போலத் தேய்த்தது. கீழே இருந்ததோ 180 கோடி, 190 கோடி ஆண்டு வயதுடைய கடினப் பாறை. அதில் எங்கெல்லாம் பழைய வெடிப்புகள் ஓடினவோ அங்கெல்லாம் பனி எளிதாகக் கிளறி எடுத்தது. அந்தப் பள்ளங்களே இன்று ஏரிகள். சைமாவின் கரைப்பாறை ஒன்றில் குனிந்து கையை வைத்துப் பாருங்கள். ஒருபுறம் தடவினால் வழவழப்பு. பனி ஏறிவந்த பக்கம் அது. மறுபுறம் பிய்த்தெடுத்ததுபோல் கரடுமுரடு. வழவழப்பான முதுகில் விரல்நுனிக்குத் தட்டுப்படும் கீறல்கள் இருக்கும், எல்லாம் ஒரே திசையில். தலை நிமிர்ந்து எதிரே உள்ள தீவுகளைப் பார்த்தால் பெரும்பாலும் அவையும் அதே திசையில் நீண்டு கிடக்கும்.

பனி உருகியது, ஆனால் ஒரே மூச்சில் அல்ல. சுமார் 12,800 ஆண்டுகளுக்கு முன் காலநிலை மீண்டும் திடீரென்று குளிர்ந்தது. பின்வாங்கிக்கொண்டிருந்த பனிவிளிம்பு, நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் தயங்கி நின்றது. உருகிய நீரோடு வந்த மணலும் சரளையும் அந்த விளிம்பில் குவிந்துகொண்டே போயின. தென்மேற்குக் கடலோரமான ஹன்கோவிலிருந்து கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் சல்பௌசெல்கா என்ற இணை மேடுகள் அப்படிப் பிறந்தவை. அந்தப் பெயரைப் பிரித்தால் ‘சல்பா’ என்பது தாழ்ப்பாள், ‘செல்கா’ என்பது முதுகு. பெயருக்கு ஏற்றபடியே அது நடந்துகொண்டது. பனி விலகியபின் வடக்கே தேங்கிய நீரெல்லாம் தெற்கே கடலுக்குப் போகாமல் இந்த மேடு தாழிட்டு நிறுத்தியது.

இங்கே பின்னிய மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழைப்போல அதுவும் ஒட்டுநிலை மொழி. வேர்ச்சொல்லோடு உருபுகளை அடுக்கிக்கொண்டே போகும். கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்குப் பின்னியம் சேர்ந்த குடும்பத்தோடு உறவு இருக்கக்கூடும் என்று கருதினார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு தமிழ் வாசகருக்குப் பின்னிய ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் படிப்பதில் தனி இன்பம் உண்டு. ‘யோகி’ என்றால் ஆறு, ‘சூ’ என்றால் வாய். யோஎன்சூ என்பது ஆற்றுவாய். ‘லின்னா’ கோட்டை; சாவொன்லின்னா என்பது சாவோ நாட்டுக் கோட்டை. ‘ரன்தா’ கரை, லப்பேன்ரன்தா, லப்பே கரை. ‘வேசி’ தண்ணீர், ஹௌகிவேசி என்ற நீர்ப்பரப்புக்குப் பெயர் தந்தது ‘ஹௌகி’ என்ற பைக் மீன். ‘சல்மி’ நீரிணை, ‘கொஸ்கி’ ஆற்று விரைவு, ‘ஹர்யு’ மணல் முகடு. மேட்டு நிலத்தைக் குறிக்கும் அதே ‘செல்கா’, தீவில்லாத விரிந்த ஏரிப்பரப்பையும் குறிக்கும். நிலமும் நீரும் மாறிமாறி முதுகு காட்டும் நாட்டில் பிறந்த சொல் வேறெப்படி இருக்கும்!

தாழிட்ட நீர் அடைபட்டே கிடக்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள ஒரு தட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனியின் பெரும் பாரத்தில் பூமியின் மேலோடு அமிழ்ந்திருந்தது. பாரம் போனதும் அது எழத் தொடங்கியது. நீண்ட நேரம் ஒருவர் உட்கார்ந்து எழுந்த இலவம்பஞ்சு மெத்தை மெல்ல நிமிர்வதுபோல. பனி எங்கே மிகத் தடிமனாக இருந்ததோ, அதாவது வடமேற்கே போத்னியா வளைகுடாப் பக்கம், அங்கே எழுச்சி அதிகம். இன்றும் அந்தக் கரையோரம் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது. நூறாண்டில் ஒரு மீட்டரை நெருங்கும் அளவு. தென்கிழக்கிலோ ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர்தான். ஆக, நாடே ஒரு தட்டுபோல வடமேற்கு விளிம்பு மேலாகவும் தென்கிழக்கு விளிம்பு கீழாகவும் சாய்கிறது.

பழைய பெருஞ்சைமா ஏரி தன் நீரை முதலில் வடமேற்கே போத்னியா வளைகுடாவுக்கு வழியவிட்டது. அந்தப் பக்கம் உயர உயர, வழிந்தோடும் வாயும் உயர்ந்தது. தட்டில் ஓட்டை உள்ள பக்கத்தைத் தூக்கினால் என்ன ஆகும்? தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறும். தெற்குக் கரைகளில் காடுகளையும் மக்கள் குடியிருந்த இடங்களையும் விழுங்கிக்கொண்டே, ஏரி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஏறியது. கடைசியில் சல்பௌசெல்காவின் தோளைத் தொட்டது. ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய இமத்ரா நகருக்கு அருகில், மேடு உடைந்தது. மணலும் சரளையும்தானே, ஒரு கசிவு விழுந்துவிட்டால் தண்ணீரே தனக்கு வழியை அறுத்துக்கொள்ளும். வுவோக்சி ஆறு பிறந்தது. சைமா சில மீட்டர்கள் இறங்கியது. பரந்த சேற்றுநிலங்கள் வெளியே வந்தன. அதன்பின் வடிகால் தெற்கில் அமைந்துவிட்டதால், நிலம் எழ எழ ஏரி தொடர்ந்து பின்வாங்கியே வந்திருக்கிறது. அஸ்துவன்சல்மியில் படகில் நின்று வரைந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முந்தைய ஓவியம் கைக்கு எட்டாமல் போனதற்கு இதுதான் காரணம்.

பக்கத்துப் பெரிய ஏரியான பாய்யான்னெவிலும் இதே கதை நடந்தது. அது ஆயிரம் ஆண்டு முன்னதாகவே ஹெய்னொலா அருகே தெற்கில் உடைத்துக்கொண்டு வழிந்தது. இன்று ஹெல்சின்கி மக்கள் குடிப்பது பாய்யான்னெ நீர். பாறைக்குள் 120 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியாக 1982 முதல் அது தலைநகருக்குப் போகிறது.

இமத்ராவுக்கு வருவோம். வுவோக்சி சராசரியாக விநாடிக்கு 600 கனமீட்டர் அளவு நீரை லடோகா ஏரிக்குக் கொண்டுபோகிறது. இமத்ரன்கொஸ்கி என்ற விரைவில் அந்த ஆறு முழுவதும் ஒரு பாறை இடுக்குக்குள் நெரிபட்டு இறங்கியது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1772-ல் அதைக் காண வந்தார். 1842-ல் ஜார் முதலாம் நிக்கோலஸ் அந்த இடத்தைப் பாதுகாக்க உத்தரவிட்டார். 1929-ல் நீர்மின் நிலையம் வந்தது, ஆறு திசைமாறியது, பழைய படுகை வறண்டது. இப்போது கோடையில் குறித்த நேரங்களில் மட்டும் மதகைத் திறந்துவிடுகிறார்கள். திறப்பதற்கு முன் பாலத்தில் நின்று கீழே பாருங்கள் என்பேன், திறந்தபின் பார்ப்பதை விட. வெறும் பாறைப் படுகையில் வட்டவட்டமாகக் குழிகள் தெரியும். சுழலில் அகப்பட்ட கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைந்தவை. பின்னியத்தில் அவற்றுக்கு ‘ஹீசியின் கடைகலம்’ என்று பொருள்படும் பெயர். ஹீசி அவர்களுடைய பழங்கதைகளில் வரும் பூதம். மோர் கடையும் தாழியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குழிகளின் உட்சுவர் உடனே விளங்கிவிடும்.

சைமாவின் ஊர்கள் எல்லாவற்றையும் இங்கே சுற்றிவர முடியாது. சாவொன்லின்னாவில் மட்டும் சற்று நிற்கிறேன். அந்த ஊர் இரண்டு பெரும் நீர்ப்பரப்புகளுக்கு இடையே, தீவுகள்மேல் அமர்ந்திருக்கிறது. ஹௌகிவேசியும் பிஹ்லயாவேசியும் சந்திக்கும் வழியில் கியூரன்சல்மி என்ற நீரிணை. வடக்கேயுள்ள நீர் பெரும்பகுதி தெற்கே இறங்க அந்தக் குறுகல் வழியாகத்தான் வரவேண்டும். அதனால் ஓட்டம் வலுவானது, கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. 1475-ல் டென்மார்க்கில் பிறந்த வீரர் எரிக் ஆக்சல்சன் தோட், நீரிணையின் நடுப்பாறையில் ஒலவின்லின்னா கோட்டையைக் கட்டத் தொடங்கினார். கிழக்கிலிருந்து ரஷ்யப் படை வருவதைத் தடுப்பது நோக்கம். சுற்றிலும் ஏரி உறைந்து தரையாகும்போதும் கோட்டைக்கு அகழி உறையாது. இயற்பியல் பாடம் படிக்காமலேயே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த கண்ணை வியக்காமல் இருக்க முடியவில்லை. 1912-ல் பாடகி ஐனோ ஆக்தே அங்கே இசைநாடக விழாவைத் தொடங்கினார். இன்றும் கோடைதோறும் கோட்டை முற்றத்தில் பாடுகிறார்கள்.

ஊரின் சந்தைத் திடலில் மணப்பது பொரித்த முயிக்கு. விரல் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட வெள்ளி நிற மீன். கம்பு போன்ற நிறமுள்ள ரை மாவில் புரட்டி, வெண்ணெயில் பொரித்து, முள்ளோடு தின்பார்கள். வடக்கே கல்லவேசிக் கரையிலுள்ள குவோப்பியோவில் அதே மீனைப் பன்றிக் கொழுப்போடு ரை ரொட்டிக்குள் வைத்து மூடி, மணிக்கணக்காகச் சுட்டு ‘கலகுக்கோ’ ஆக்குகிறார்கள். முள் கரைந்துபோகும், கட்டுச்சோறு போலக் காட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோக ஏற்றது.

சாவொன்லின்னாவிலிருந்து தென்கிழக்கே போனால் புங்காஹர்யு. இருபுறமும் நீர், நடுவே ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் முகடு, அதன்மேல் பைன் மரங்கள். சில இடங்களில் சாலையின் அகலத்தை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பனிப்பாளத்தின் அடியில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது. பனிச்சுரங்கம்தான் அதன் கரை. அந்த ஆறு சுமந்துவந்த மணல் சுரங்கத்துக்குள் படிந்தது. பனி உருகியதும் கரை போய்விட்டது, படுகை மட்டும் முகடாக நின்றுவிட்டது. தலைகீழான ஆறு என்று சொல்லலாம். அதன் ஒரு பக்கம் இருக்கும் புருவேசி மற்றப் பகுதிகளைப்போலப் பழுப்பு நிறத்தில் இல்லை. பின்லாந்தின் பல ஏரிகளில் நீர் தேயிலைச் சாற்றின் நிறத்தில் இருப்பது சுற்றியுள்ள சதுப்புக் காடுகளின் மக்கு கரைந்து வருவதால். புருவேசியைச் சுற்றிச் சதுப்பு குறைவு, மணல் அதிகம். நீர் பல மீட்டர் ஆழம் வரை தெளிந்து தெரியும். அங்கே குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வரிசையாகத் துளையிட்டு, அடியில் பெருவலையை இழுத்து முயிக்கு பிடிக்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பனிக்கட்டிக்கு அடியில் மீன் எப்படிப் பிழைக்கிறது? நீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். இலையுதிர் காலத்தில் மேற்பரப்பு குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். ஏரி முழுதும் புரண்டு கலந்து, அடிவரை உயிர்வளி போய்ச்சேரும். எல்லா நீரும் 4 டிகிரியை எட்டியபின், இன்னும் குளிரும் நீர் இலேசாகி மேலேயே தங்கி உறைகிறது. அதன்மேல் விழும் பனி கம்பளிபோல மூடிக்கொள்ள, அடியில் ஏரி நான்கைந்து மாதம் இருளில் காத்திருக்கும். இளவேனிலில் மறுபடியும் ஒரு புரளல். இந்தக் கால அட்டவணையைக் குவோப்பியோ மக்கள் கல்லவேசியில் 1830-களிலிருந்தே குறித்துவைத்திருக்கிறார்கள். ஏரி உறையும் நாள் பின்னுக்கும், பனி உடையும் நாள் முன்னுக்கும் நகர்ந்துவருவதை அந்தப் பதிவேடுகள் காட்டுகின்றன.

அந்த நகர்வு யாரை முதலில் தொடும் என்றால், நோர்ப்பாவை.

நோர்ப்பா என்பது சைமாவின் வளையச் சீல். உப்புநீரில் வாழவேண்டிய விலங்கு நன்னீர் ஏரிக்குள் எப்படி? அதே தட்டுக் கதைதான். பனி விலகிய காலத்தில் பால்டிக் படுகையின் நீர் இந்தப் பள்ளங்கள் வரை பரவியிருந்தது. நிலம் எழுந்தபோது வாசல் மூடிக்கொண்டது. உள்ளே இருந்த சீல்கள் உள்ளேயே நின்றுவிட்டன. 9,000 ஆண்டுகளுக்கு மேலாக அவை கடலைக் கண்டதில்லை. கடல் உறவினர்களைவிட இவற்றின் நிறம் கருமை. முதுகில் வெளிறிய வளையங்கள். ஒவ்வொன்றின் வளையக்கோலமும் வேறு, கைரேகைபோல. மே மாதத்தில் மயிர் உதிர்க்கக் கரைப்பாறைகளில் ஏறிக் கிடக்கும்போது ஆய்வாளர்கள் படமெடுத்து, கோலத்தை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள்.

ஒரு காலத்தில் மீனவர்களின் பகையாகக் கருதி, இதைக் கொன்றவர்களுக்கு அரசே பரிசுப்பணம் தந்தது. சட்டப் பாதுகாப்பு 1955-ல் வந்தது. அப்போதும் வலைகளில் குட்டிகள் சிக்கி மூழ்கின. காகிதக்கூழ் ஆலைகளிலிருந்து வந்த பாதரசம் உடலில் சேர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் எண்ணிக்கை 200-க்கும் கீழே இருந்தது. லின்னன்சாரி, கொலொவேசி தேசியப் பூங்காக்களும், குட்டிகள் தனியே நீந்தப் பழகும் இளவேனிலில் வலைமீன்பிடிக்குத் தடையும் சேர்ந்து, இன்று 400-ஐத் தாண்டச் செய்திருக்கின்றன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத விலங்குக்கு அந்த எண் இன்னும் சிறியதுதான்.

அதன் பிறப்பு முறை பனியை நம்பியது. தாய்ச்சீல் முன்கால் நகங்களால் பனிக்கட்டியில் துளையைத் திறந்தே வைத்திருக்கும். தீவுகளின் கரையோரம் காற்று வாரிக் குவித்த பனிமேட்டுக்குள் அடியிலிருந்து ஏறிக் குடைந்து குகை செய்யும். பிப்ரவரி கடைசியில் அந்த இருளுக்குள் நான்கைந்து கிலோ எடையில் ஒரு குட்டி பிறக்கும். மேலே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி இருந்தாலும் உள்ளே அவ்வளவு குளிர் இராது. நரியும் எளிதில் மோப்பம் பிடிக்காது. பனி போதாத குளிர்காலத்தில் குட்டி திறந்த பனிக்கட்டிமேல் கிடக்கும், பல பிழைப்பதில்லை.

2014-ல் அப்படியொரு குளிர்காலம் வந்தது. பனி விழவேண்டிய நேரத்தில் விழவில்லை. உள்ளூர்க்காரர்களும் பூங்காப் பணியாளர்களும் மண்வாரிகளோடு உறைந்த ஏரிக்குள் இறங்கினார்கள். முந்தைய ஆண்டுகளில் சீல்கள் குடைந்த கரைகளைத் தேடிப்போய், இருக்கிற பனியை எல்லாம் வாரி, காற்று குவிப்பதுபோலவே நீளமான மேடுகளாகக் குவித்துவிட்டு வந்தார்கள். சீல்கள் அவற்றை ஏற்றுக்கொண்டன. அடியிலிருந்து தாங்களாகவே துளைத்து ஏறிக் குகை அமைத்தன. அதன்பின் பனி குறைந்த ஆண்டுகளில் இது வழக்கமாகிவிட்டது. ஏரி உறையவே உறையாத குளிர்காலத்துக்காக, கிழக்குப் பின்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மிதக்கும் செயற்கைக் கூடுகளைச் செய்து சோதித்துவருகிறார்கள்.

மேடு குவித்தவர்கள் அதன்பின் அந்தப் பக்கம் போவதில்லை. தாய் கலைந்துவிடக்கூடாது. ஏப்ரலில் பனி தளர்ந்து, குட்டிகள் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் திரும்பி வருவார்கள். இடிந்த குகைகளைச் சுற்றி நடந்து, உருகும் பனியில் ஒட்டிக்கிடக்கும் வெளிறிய குட்டிமயிரைத் தேடுவார்கள். மயிர் கிடைத்தால் அங்கே ஒரு பிறப்பு என்று கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.